யார் பொறுப்பு என்று நாங்கள் கேட்கவில்லை

2020 ஒக்டோபர் பிற்பகுதியில் பேலியகொடை மீன் சந்தை மூடப்பட்டபோது கொழும்பில் எங்கும் ஒரே பேச்சு: மீன் வாங்கலாமா, கூடாதா? மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொடங்கிய இரண்டாவது கொரோனா அலை சில கிழமைகளுக்குள் சந்தைக்கு வந்திருந்தது. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று பொலிஸ் பிரிவு பிரிவாகத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போடப்பட்டது. மீன் வியாபாரம் படுத்துவிட்டது. நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகவியலாளர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நாட்டின் கவலை முழுவதும் மீன்மேல் இருந்தது.

அதே நாட்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளும், மீன் வெட்டுகிறவர்களும், ஐஸ் உடைக்கிறவர்களும் சிகிச்சை நிலையங்களுக்கு ஏற்றப்பட்டார்கள். தாயும் தகப்பனும் ஒரே சந்தையில் உழைத்த வீட்டில் யார் மிஞ்சியிருப்பார்? பள்ளிக்கூடப் பிள்ளையும் எழுந்து நடக்க முடியாத அம்மம்மாவும்தான். அந்தப் பிள்ளைக்கு அன்றிரவு யார் பொறுப்பு? அம்மம்மாவுக்கு மூச்சு முட்டினால் அவருக்காக முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? களனி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் கேட்கவில்லை. நிவாரணப் பொதி கட்டினோம். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை. பொதியை வாங்கப் பெரியவர் யாரும் இல்லாத வீடுகளில் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். பெரியவர் ஏன் இல்லை என்ற கேள்வி எங்கள் வாயில் வரவேயில்லை.

நாங்கள் என்று நான் சொல்வது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் படித்த தமிழரை. சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், கோயில் நிர்வாக சபையினர், பழைய மாணவர் சங்கத்தினர், பத்திரிகையில் எழுதுகிறவர்கள். சட்டம் தெரியாத சனம் செய்த பிழையைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. தெரிந்தவர்கள், தெரிந்துகொள்ள வசதி உள்ளவர்கள் செய்த புறக்கணிப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த நாட்டுச் சட்டம் அவசரத்துக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பழையது, குறைகள் நிறைந்தது. ஆனாலும் அதன் அடிப்படை தெளிவானது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையைப் பொலிஸாரோ அதிகாரமளிக்கப்பட்ட உத்தியோகத்தரோ உடனே பாதுகாப்பான ஓர் இடத்துக்குக் கொண்டுபோகலாம். பிறகு நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். நீதிமன்றம் அந்தப் பிள்ளையைத் தகுதியான ஓர் ஆளிடம் ஒப்படைக்கலாம். அந்த ஆள் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையிலும் வைக்கலாம். இல்லத்துக்கு அனுப்புவது கடைசி வழியாக இருக்க வேண்டும். 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. அதன் 1929 என்ற இலக்கத்தை யாரும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது.

தகுதியான ஆளிடம் பிள்ளையை ஒப்படைப்பதால் அந்தப் பிள்ளையின் காணிக்கும் வங்கிப் பணத்துக்கும் அவர் அதிகாரியாகிவிடுவதில்லை. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் வேறு விண்ணப்பம் வேண்டும். பிள்ளையைக் காப்பது ஒன்று, பிள்ளையின் உடைமையைக் காப்பது இன்னொன்று. இந்தப் பிரிப்பு நல்லது. பாசத்தோடு வருகிறவரையும் ஆசையோடு வருகிறவரையும் முதல் நாளிலேயே வேறுபடுத்திப் பார்க்க நீதிமன்றத்துக்கு அது உதவுகிறது.

எல்லாரையும் ஒரே நாளில் சுனாமி அலை அடித்தபோது எங்களால் விரைவாக யோசிக்க முடிந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது ஆளாகப் பதியப்பட்ட ஒரு கைக்குழந்தைக்குப் பலர் உரிமை கோரியதாகச் செய்திகள் வந்தன. மரபணுப் பரிசோதனை முடியும்வரை குழந்தை வைத்தியசாலையின் பொறுப்பில் இருந்தது. 2005 பெப்ரவரியில் உண்மையான பெற்றோரின் கைக்குப் போனது. அவசரத்தில் ஒருவரைக் காப்பதற்கு அதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது: யாருக்கும் உடனே தூக்கிக் கொடுக்காமல், தற்காலிகமாக ஒரு பாதுகாப்பான கையில் வைத்திருந்து உண்மையைத் தேடியது. அந்த ஆண்டே பாராளுமன்றம் 16ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பாதுகாவலுக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் அதில் சிறப்பு ஏற்பாடுகள் இருந்தன. கடல் கொண்டுபோனவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சட்டத்தையே எழுத எங்களால் முடிந்தது. குடும்பம் சிதைந்து ஒரு லைன் வீட்டில் தனித்து நிற்கும் ஒற்றைப் பிள்ளைக்காக ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க முடியவில்லை.

டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட 16 வயதுச் சிறுமி 2021 ஜூலை 15 அன்று தீக்காயங்களோடு இறந்தாள். முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலை செய்தவள். அந்தச் சாவுக்கான பொறுப்பை நீதிமன்றம் சொல்லட்டும். நாங்கள் மெழுகுதிரி ஏற்றினோம், பதாகை பிடித்தோம், கட்டுரை எழுதினோம். ஆனால் மலையகத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்திருந்த வீடுகள் எங்கள் வீதிகளிலும் இருந்தன. அப்படி ஒரு பிள்ளை விடியற்காலையில் பால் வாங்க வருவதைக் கண்டோம். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளை பல்கனியில் துணி காயப்போடுவதைக் கண்டோம். “நல்லாத்தான் வச்சிருக்கினம்” என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். தாய்தகப்பன் டயகமவில், பிள்ளை கொழும்பில், இடையில் சட்டப்படி பொறுப்பு யாரிடம் என்று விசாரித்த ஒரு வெள்ளவத்தை வீட்டை எனக்குத் தெரியாது. 1929 அன்றும் இருந்தது.

இனி வளர்ந்தவர்களின் விஷயம். இங்கேதான் எங்கள் புறக்கணிப்புக் கனமானது. பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவு இவர்களுக்கு முக்கால்வாசி மூடியே இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லி நாங்கள் தட்டியதில்லை.

பேலியகொடையில் கருவாட்டுக் கடையில் உழைத்து ஓய்ந்த எழுபது வயது அம்மா ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கணவர் இல்லை. மகன் கட்டாரில். ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. ஒருநாள் இரவு கண்டி வீதியில் வெறுங்காலோடு நடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் 1990க்கு அடிக்கிறார். சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. ராகமைக்கோ கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ கொண்டுபோகிறார்கள். உயிரைக் காக்க வேண்டிய அவசரத்தில் வைத்தியர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை. முதல் இரவு தப்பிவிடுகிறது.

மூன்றாம் நாள் என்ன நடக்கும்? சத்திரசிகிச்சை வேண்டும், ஆனால் உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் அளவுக்கு அவசரமில்லை என்றால் சம்மதம் யார் சொல்வது? தனியாக அந்த வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து என்று தாதிக்குத் தெரியும். வேறெங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. மருந்துச் செலவுக்கு அம்மாவின் சேமிப்புப் புத்தகத்திலிருந்து பணம் எடுக்க வேண்டும். அம்புலன்ஸில் கூடவே வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வங்கியில் ஒரு சதம் தரமாட்டார்கள். தரவும் கூடாது. மகன் தொலைபேசியில் அழுகிறான். “அண்ணை, நீங்களே பாத்துச் செய்யுங்கோ” என்கிறான். அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் எடை கிடையாது.

சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைப்பவை இவை. 1873இல் எழுதப்பட்ட மனநோய்க் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது ஒருவரை மனநல வைத்தியசாலையில் அனுமதிப்பதைப் பற்றிப் பேசுகிறது. மறதி நோயோடு வீட்டில் இருக்கும் ஒருவருக்காக யார் முடிவெடுப்பது என்பதற்கு அது எழுதப்படவில்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் 556ஆம் பிரிவு இருக்கிறது. புத்தி சுவாதீனமற்றவராகச் சொல்லப்படுபவரைப் பற்றி மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கலாம். அவருடைய உடைமையைப் பார்க்க ஒருவரையும் ஆளைப் பராமரிக்க ஒருவரையும் நியமிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு எழுதப்பட்டது உடைமை உள்ள ஓர் ஆளை மனதில் வைத்து. உடைமை இல்லாத கருவாட்டுக்கடை அம்மா அதை எழுதியவர்களின் கண்ணில் படவேயில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை இருக்கிறது. பிள்ளைகளிடமிருந்து செலவுக்குப் பணம் பெற அது உதவும். முதியவருக்காக முடிவெடுக்கும் ஆளை அது தராது. ரோமன் டச்சு மரபில் வந்த எங்கள் நீதிமன்றங்களுக்கு, தன்னைப் பார்க்க முடியாதவரைப் பார்க்கும் மேலான பொறுப்பு உண்டு. இடைக்காலக் கட்டளை கேட்கலாம். கேட்பதற்கு விண்ணப்பம், சத்தியக்கடதாசி, வைத்திய அறிக்கை, அறிவித்தல், சட்டத்தரணி, தவணை என்று எல்லாம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தினக்கூலி. அவர் எத்தனை தவணைக்குப் போவார்?

தானாகவே தேடி வந்து இப்படிப்பட்ட ஆளுக்குப் பொறுப்பேற்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் இலங்கையில் இல்லை. எங்கள் பிள்ளைகள் நிறைந்திருக்கும் கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத ஒருவருக்குப் பாரதூரமான கேடு நேரப்போகிறது என்று தகவல் வந்தால் அந்த அலுவலகம் விசாரித்தே ஆக வேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றம் 90 நாட்களுக்கு மேற்படாத தற்காலிகப் பாதுகாவல் கட்டளை தரலாம். ஜேர்மனியில் 2023 ஜனவரி 1 முதல், கணவனோ மனைவியோ நினைவிழந்து கிடந்தால் மற்றவர் வைத்திய விஷயங்களில் ஆறு மாதம்வரை முடிவெடுக்கலாம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பார்த்தால், கோமாவில் கிடப்பவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வழிமுறை வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக்கியது. முதலில் அந்தப் பெண்ணை சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிகிச்சைக்குப் பணம் தேடும் மனைவியை அப்படி அலையவிடுவது முறையல்ல என்று மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் கருதினார்கள். சொத்தை விற்க அனுமதித்தார்கள். கூடவே 50 இலட்சம் ரூபாவைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பில் போடச் சொன்னார்கள். இரக்கமும் காவலும் சேர்ந்த தீர்ப்பு அது.

இவற்றை எங்கள் சட்டத்தரணிகள் அறிவார்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஓரளவு தெரியும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் எத்தனையோ வீடுகளில் தாயோ தகப்பனோ தனியாக இருக்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படியே நாட்டில் 12.4 வீதத்தினர் அறுபதைத் தாண்டியவர்கள். எங்கள் தெருக்களில் இளையோர் புறப்பட்டுப் போன வேகத்துக்கு அந்த வீதம் இன்னும் கூட. அப்படியிருந்தும் நாங்கள் செய்த ஒரே ஏற்பாடு அற்றோணித் தத்துவம். காணி விற்க, வாடகை எடுக்க, வங்கியில் கையெழுத்திட. அதைக் கொடுத்தவருடைய புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஞாபகம் போனபிறகும் அந்தக் கடதாசியை நீட்டிக்கொண்டே இருந்த குடும்பங்கள் உண்டு. நாங்களும் கண்டும் காணாமல் கையெழுத்துக்குச் சாட்சி நின்றிருக்கிறோம்.

இதைவிடக் கூச்சம் தரும் ஒன்றும் இருக்கிறது. பாதுகாவல் என்ற பேச்சு எங்கள் குடும்பங்களில் எழுந்தபோதெல்லாம் பெரும்பாலும் அது வீட்டுக்காகவும் நகைக்காகவுமே எழுந்தது. கலியாணம் செய்யாத தங்கைக்கு “கொஞ்சம் மனம் சரியில்லை” என்று சொல்லி அவளுடைய பங்கை எழுதி வாங்கியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அங்கொடை என்ற ஊர்ப்பெயரை வசவாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே தேசிய மனநல நிறுவகத்தில் குணமான பின்னும் கூட்டிப்போக ஆளில்லாமல் இருந்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. முகவரி மாறியிருந்தது, அல்லது மாற்றப்பட்டிருந்தது. சொத்து இருந்தவருக்குப் பாதுகாவலர் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். சொத்து இல்லாதவருக்கு ஒருவரும் வரவில்லை. 1889இல் சட்டம் எழுதிய வெள்ளைக்காரர் உடைமையைத்தான் முதலில் பார்த்தார் என்று குறை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

அதனால் அவசரப் பாதுகாவல் சட்டம் வேண்டும் என்று கேட்கும்போது அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இலங்கை 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12ஆம் உறுப்புரையின்படி, ஒருவருக்கு இயலாமை இருக்கிறது என்பதற்காக அவருடைய முடிவெடுக்கும் உரிமையைப் பறித்துவிட முடியாது. முடிவெடுக்க உதவுவதே முதல் கடமை. ஆகவே அவசரக் கட்டளை நாள்கணக்கில் குறுகியதாக இருக்க வேண்டும். எந்த ஆபத்துக்காகக் கேட்கப்பட்டதோ அதற்கு மட்டும் செல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரின் பேச்சை, அது தடுமாறினாலும், நீதவான் நேரில் கேட்க வேண்டும். அந்த நாட்களுக்குள் வீடு விற்கக் கூடாது, காணி எழுதக் கூடாது. இந்தக் காவல் இல்லாமல் வேகம் மட்டும் வந்தால் எங்கள் குடும்பங்கள் அதை எப்படிப் பயன்படுத்தும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பில் அரச கரும மொழி. பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை கண்டால் நாங்கள் படம் எடுத்துப் போடுகிறோம், அதற்காகச் சண்டை பிடிக்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் பொலிஸ் நிலையத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும்போது பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க எங்களில் எத்தனை பேர் போனோம்? மறதி நோய் வந்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது தாய்மொழி. நெடுங்காலம் பேசிய சிங்களம் மறந்து, வார்டில் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கும் ஓர் ஆச்சிக்குப் பக்கத்தில் இருக்க வாரத்தில் ஒரு மணித்தியாலம் எங்களால் கொடுக்க முடிந்திருக்கும். கொடுக்கவில்லை. கோயில் திருவிழாவுக்குத் தொண்டர் படை அமைக்கத் தெரிந்த எங்களுக்கு அதை ஒழுங்குபடுத்தத் தெரியாது என்று சொல்ல முடியாது.

எழுதுகிறவர்களின் பங்கையும் மறைக்கக் கூடாது. பக்கம் பக்கமாக மரண அறிவித்தல்களை அச்சிட்டோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெள்ளவத்தையை வசிப்பிடமாகக் கொண்டு, பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்க அமரரானவர்களின் வரிசை. அந்தக் கடைசி மாதங்களில் அவர்களுக்காக யார் முடிவெடுத்தார் என்று ஒரு கட்டுரை எழுதவில்லை. 556ஆம் பிரிவை எளிய தமிழில் விளக்கவில்லை. சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி உண்டு. அதன் தலைமை அலுவலகம் புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதைக்கூடப் பேலியகொடை வாசகருக்கு நாங்கள் சொல்லவில்லை.

சொல்லவேண்டியதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1929. நோயாளியை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக 1990. மனநல நெருக்கடி என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. கிராம உத்தியோகத்தரிடம் போய் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்தத் திகதியிட்ட கடிதம் உதவும். வைத்தியசாலையில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்டுத் தேடுங்கள். தனியாக இருக்கும் பெற்றோர், புத்தி தெளிவாக இருக்கும்போதே, தங்களுக்காக யார் பேச வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை எழுதிக் கையெழுத்திட்டு வைக்கட்டும். இங்கே அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வைத்தியருக்கும் நீதிபதிக்கும் அந்த ஆளின் விருப்பத்தை அவருடைய சொல்லிலேயே காட்டும்.

கொழும்பில் தமிழ்ச் சட்டத்தரணிகள் ஆயிரக்கணக்கான காணி உறுதிகளை எழுதியிருக்கிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாவல் கேட்கும் விண்ணப்பத்தின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து, ஆண்டுக்கு ஒரு வழக்கை ஒவ்வொருவரும் கட்டணமின்றி எடுத்தால், பேலியகொடையின் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தனித்து நிற்க மாட்டார். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் தேர்தல் காலத்தில் இந்தத் தெருக்களுக்கு வருகிறார்கள். உடைமை இல்லாதவருக்கும் பொருந்தும் அவசரப் பாதுகாவல் சட்டம் ஒன்றையும், அதை நடத்தப் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் ஒன்றையும் அவர்களிடம் கேளுங்கள். அதுவரை உங்கள் மாடியில், உங்கள் லைனில் தனியாக இருக்கும் முதியவரின் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தை இந்தக் கிழமைக்குள் வாங்கி எழுதி வையுங்கள்.